தேங்காய் எங்கள் ஊர், வெயில் காங்கேயம்

2024 ஜூலை 5, வெள்ளி. திருத்துறைப்பூண்டி

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 வந்து போய் மூன்று வாரம் ஆகிவிட்டது. மேட்டூரில் தண்ணீர் இல்லை, அணையைத் திறக்கவில்லை. போர்வெல் வைத்திருப்பவர்கள் மட்டும் குறுவை நட்டிருக்கிறார்கள். மற்ற வயல்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கின்றன.

அரசுப் பள்ளியில் 31 வருடம் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். தொழிற்சாலைகள் ஓர் இடத்தில் அமைவதற்கான காரணிகள் என்று ஒரு பாடம் வரும். மூலப்பொருள், நீர், மின்சாரம், காலநிலை, தொழிலாளர், சந்தை, போக்குவரத்து. ஐந்து மதிப்பெண் கேள்வி, கண்டிப்பாக வரும் என்று சொல்லி மனப்பாடம் செய்ய வைப்பேன். அப்படிப் படித்த பிள்ளைகளில் பாதிப்பேர் இன்று திருப்பூரில் இருக்கிறார்கள். அதில் ஒருவன் தன் மகளுக்குக் காதுகுத்து என்று கூப்பிட்டிருந்தான். அப்படியே சிவகாசியில் இருக்கும் தங்கையையும் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

ராத்திரி பஸ்ஸுக்கு எங்கள் பக்கத்தில் "திருப்பூர் பஸ்" என்றே பெயர். ஏறியவர்களில் பெரும்பாலோர் இருபதைத் தாண்டாத பையன்கள். ஒவ்வொருவன் காலடியிலும் ஒரு பையும் ஓர் அரிசி மூட்டையும் இருந்தன. ஜன்னல் வழியாக ஓர் அம்மா, "அங்க அரிசி வாங்காதடா, தீந்தா சொல்லு, குடுத்து விடுறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பஸ் நகர்ந்த பிறகும் கூடவே நாலு எட்டு நடந்து வந்தார்.

ஜூலை 6, சனி. திருப்பூர்

விடியற்காலை பஸ் நிலையத்தில் டீ 15 ரூபாய். சர்க்கரை தூக்கல். டீக்கடைப் பலகையில் தமிழோடு இந்தியிலும் விலை எழுதியிருந்தார்கள். பக்கத்தில் டீ குடித்த பையன் ஒடிசாவிலிருந்து வந்து ஒரு வருடம் ஆகிறதாம். என் பையை அவனாகவே தூக்கி ஆட்டோவில் வைத்தான். காசு கொடுக்கப் போனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நம்ம அம்மா மாதிரி" என்றான். தமிழை எங்கே கற்றாய் என்று கேட்டேன். "லைன்ல" என்றான். தையல் மிஷின்கள் வரிசையாகப் போட்ட இடத்துக்கு லைன் என்று பெயர்.

என் மாணவன் காங்கேயம் ரோட்டில் குடியிருக்கிறான். ஒரே ஓட்டுச் சார்ப்பில் எட்டு வீடு, இரண்டு கழிப்பறை. வாடகை 4,500. குழாயில் வருவது "சப்பத் தண்ணி", அதாவது உப்புத் தண்ணீர். குளிக்கவும் துவைக்கவும் அது. குடிக்க நல்ல தண்ணீர் தனியாக வரும். வந்தால் எட்டு வீடும் குடத்தோடு ஓடும். எனக்கு முகம் கழுவியதுமே தோல் இழுத்துப் பிடித்தது. இந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டா இவ்வளவு பெரிய ஊர் எழுந்தது என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மதியம் அவன் மனைவி அரிசிம்பருப்புச் சாதம் செய்து போட்டாள். அரிசியும் துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் ஒன்றாகப் போட்டு வேகவைப்பது. மேலே நெய். "இங்க வந்துதான் டீச்சர் கத்துக்கிட்டேன். ஷிப்ட் முடிஞ்சு வந்து ரெண்டு குழம்பு வைக்க முடியுமா?" என்றாள். ஒரு சட்டி, ஒரு அடுப்பு, இருபது நிமிடம்.

இன்று சம்பள நாள். இங்கே கணக்கெல்லாம் ஷிப்டில்தான். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், ராத்திரி எட்டரை வரை நின்றால் ஒன்றரை. வார முடிவில் ஷிப்டை எண்ணிக் காசு கொடுத்துவிடுவார்கள். சாயங்காலத்துக்கு மேல் தெருவே வேறு மாதிரி ஆகிவிட்டது. மளிகைக் கடை, கறிக்கடை, செல்போன் ரீசார்ஜ் கடை எங்கும் கூட்டம். எங்கள் ஊரில் இப்படிக் காசு புழங்குவதை அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பிறகு பத்து நாள் பார்க்கலாம். இங்கே வாராவாரம். ஓர் ஊரில் வேலை பெருகுவது என்றால் இதுதான் என்று தோன்றியது. பனியன் கம்பெனி வேலை மட்டும் இல்லை, அந்தச் சனிக்கிழமைக் காசை நம்பி நிற்கிற டீக்கடை, பரோட்டா மாஸ்டர், துணி தேய்ப்பவர், ஆட்டோக்காரர் எல்லோரும் அதில் சேர்த்தி.

ஜூலை 7, ஞாயிறு. திருப்பூர்

காதுகுத்து காலையிலேயே முடிந்தது. குழந்தை அழுத அழுகையில் ஆசாரியே கலங்கிப்போனார். ஆட்டுக்கறி பிரியாணி, தயிர் வெங்காயம், கூடவே ஒப்புட்டு. எங்கள் ஊர் போளியைவிடக் கனமாக, தேங்காய் நிறையப் போட்டிருந்தார்கள்.

மதியத்துக்கு மேல் காதர்பேட்டைக்குப் போனோம். ஏற்றுமதியில் கழிந்த பனியன், டி சர்ட் எல்லாம் தெருவில் மலையாகக் கொட்டிக் கிடக்கின்றன. மூன்று 200 ரூபாய். தையலைத் திருப்பிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று என் மாணவன் சொல்லிக்கொடுத்தான். திருப்பூருக்கு வந்து 18 வருடம், இப்போது செக்கிங் பிரிவில் நிற்கிற கண் அது.

திரும்பும் வழியில் நொய்யல் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் சேரும் ஆறு. வரைபடத்தில் நீல மையால் எத்தனை தடவை போட்டுக் காட்டியிருக்கிறேன். கீழே ஓடியது கறுப்புச் சாக்கடை. நான் ஒன்றும் பேசவில்லை. அவனே சொன்னான்.

"நான் மொதல்ல சாயப்பட்டறையிலதான் இருந்தேன் டீச்சர். துணியில சாயம் ஏறி நிக்கணும்னா உப்புப் போடணும். மூட்டை மூட்டையா தோள்ல தூக்கிட்டுப் போய்க் கொட்டுவோம். அந்த உப்பு மொத்தமும் இந்த ஆத்துக்குத்தான் வந்துச்சு."

நொய்யலில் கீழே ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. 1992இல் பாசனத்துக்குக் கட்டியது. சாயக்கழிவு போய்த் தேங்கித் தேங்கி, தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும்படி ஆனது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் திறக்கலாம் என்று ஆயிற்று. அந்தச் சமயம் இவன் குடும்பத்தோடு ஊருக்கு வந்து நாலு மாதம் இருந்தான். வயல் வேலை தேடி அலைந்தது எனக்கு நினைவிருக்கிறது. கிடைக்கவில்லை. திரும்பிப் போய்விட்டான்.

"தீர்ப்பு தப்புன்னு சொல்ல மாட்டேன் டீச்சர். ஆனா நாலு மாசம் எங்களுக்கு யாரும் சோறு போடலையே" என்றான். இந்த ஒரு வாக்கியம் பாடப்புத்தகத்தில் இருந்திருக்க வேண்டும். நீர் ஒரு காரணி என்று எழுதுகிறோம். அந்த நீர் கெட்டால் முதலில் வேலை இழப்பவன் யார் என்று எழுதுவதில்லை.

ஜூலை 8, திங்கள். காங்கேயம்

இந்தப் பயணத்தில் என்னை உலுக்கிய நாள் இதுதான். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

என் மாணவனின் வீட்டுக்காரர் (வாடகைக்கு விட்டிருப்பவர்) காங்கேயத்தில் தேங்காய்க் களம் வைத்திருக்கிறார். "டீச்சரம்மா, வந்து பாருங்க, நம்ம களத்துக்கு உங்க ஊர்க் காயெல்லாம் வருது" என்று கூப்பிட்டார். போனேன். ஊருக்கு வெளியே ரோட்டின் இரண்டு பக்கமும் சிமெண்டுக் களங்கள். அவற்றின் மேல் பாதி உடைத்த தேங்காய்கள் வானத்தைப் பார்த்தபடி ஆயிரக்கணக்கில். தூரத்திலிருந்து பார்த்தால் தரை முழுக்க வெள்ளைப் பூ பூத்த மாதிரி இருக்கிறது. காற்றில் தேங்காய் எண்ணெய் வாசம்.

ஒரு லாரி நின்றிருந்தது. டிரைவரின் பேச்சைக் கேட்டதும் காது விடைத்தது. எங்கள் பக்கத்துப் பேச்சு. பேராவூரணியில் ராத்திரி காய் ஏற்றி, காலையில் இங்கே இறக்குகிறார். "அம்மா, நம்மூர்க்காரங்களா!" என்று இறங்கி ஓடிவந்து, எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

களத்துக்காரரிடம் கேட்டேன். காய் எங்கள் ஊரில் காய்க்கிறது. அதை ஏன் இவ்வளவு தூரம் கொண்டுவந்து காயவைக்கிறீர்கள்?

"ஏனுங், உங்கூர்ல காயுமுங்களா?" என்று திருப்பிக் கேட்டார்.

காயாது. கடல் காற்றின் ஈரத்தில் இரண்டாம் நாளே பூஞ்சணம் பிடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். இங்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவு. தென்மேற்கு மழையை மலை பிடித்துக்கொள்கிறது. வடகிழக்கு மழை கடலிலிருந்து இவ்வளவு உள்ளே வருவதற்குள் இளைத்துவிடுகிறது. எஞ்சி இருப்பது வெயிலும் காற்றும். ஒரு வாரத்தில் பருப்பு கலகலவென்று காய்ந்துவிடும். கொப்பரையை இவர்கள் பருப்பு என்றே சொல்கிறார்கள். மழை மறைவுப் பிரதேசம் என்று கரும்பலகையில் எழுதி, வறட்சி, விளைச்சல் குறைவு என்று இரண்டு வரி சேர்த்து அழித்துவிடுவேன். அந்த வறட்சிக்கு ஒரு விலை இருக்கிறது, அதைச் சம்பளமாக மாற்ற முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

களத்தில் கிட்டத்தட்ட முப்பது பேர் இருந்தார்கள். காய் உரிப்பவர்கள், உடைப்பவர்கள், காய்ந்த பருப்பை ஓட்டிலிருந்து நெம்பி எடுக்கும் பெண்கள், தரம் பிரிப்பவர்கள். பருப்பு எண்ணெய் மில்லுக்குப் போகிறது. ஓடு, அதாவது தொட்டி, கரி சுடப் போகிறது. அந்தக் கரி தண்ணீர் சுத்தம் செய்யும் கார்பன் செய்யும் ஆலைக்குப் போகிறது. மட்டை நாருக்குப் போகிறது. ஒரு காயிலிருந்து இவ்வளவு வேலை. எங்கள் ஊரில் அந்தக் காயால் கிடைக்கும் வேலை மரம் ஏறிப் பறிப்பதும் லாரியில் ஏற்றுவதும்தான்.

நெல்லும் அப்படித்தான் என்று சாயங்காலம் தெரிந்தது. காங்கேயத்தைச் சுற்றி வரிசையாக அரிசி ஆலைகள். நெல் விளையாத ஊரில் அரிசி ஆலை! எங்கள் கொள்முதல் நிலையத்து நெல் சரக்கு ரயிலில் ஏறி அரவைக்கு வேறு மாவட்டங்களுக்குப் போவதை வருடா வருடம் பார்க்கிறேன். அது எங்கே போகிறது, போன இடத்தில் யாருக்கு வேலை தருகிறது என்று யோசித்ததில்லை.

சரி, இதெல்லாம் வெயில் தந்தது மட்டும்தானா? களத்துக்காரரிடம் அவருடைய அப்பா காலத்தைக் கேட்டேன். ஐந்து ஏக்கர், ஒரு கிணறு. கிணற்றில் தண்ணீர் கீழே கீழே போனபோது நிலத்தை அடகு வைத்து ஒரு செக்கு வாங்கியிருக்கிறார். "தண்ணியில்லாத ஊர்ல வேறென்னங்க பண்றது?" என்றார். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்த பலரின் கதையும் இதே மாதிரி என்று அவரே சொன்னார்.

ராத்திரி இதை என் மாணவனிடம் சொன்னேன். 18 வருடம் ஆச்சே, நீயும் நாலு மிஷின் போட்டு, பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் எடுக்கலாமே என்று கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அடகு வைக்க என்ன இருக்கு டீச்சர்?" என்றான்.

அந்தக் கேள்வி ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை. எங்கள் பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் நிலம் மிராசுதாரிடமும் கோயிலிடமும் மடத்திடமும் இருந்தது. உழைத்தவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. கூலி உயர்வு கேட்ட போராட்டத்தில்தான் 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். வேலை எங்கே வளரும் என்பதை மழை எவ்வளவு தீர்மானிக்கிறதோ, அவ்வளவு நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதும் தீர்மானிக்கிறது. ஆறு வரும் என்று காத்திருந்தோம், இவர்கள் கிணறு வெட்டினார்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். கிணறு வெட்டச் சொந்தமாக ஓர் இடம் வேண்டுமே.

ஜூலை 9, செவ்வாய். தாராபுரம் தாண்டி ஓர் இடம்

காங்கேயத்திலிருந்து தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாகப் போகத் திட்டம். தாராபுரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்று இல்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் நடுரோட்டில் நின்றோம். நிழல் கிடையாது. வெயிலுக்குக் குடையை விரித்தேன், ஒரே வீச்சில் மேல்பக்கமாகத் திரும்பிக் கம்பி உடைந்தது. அப்படி ஒரு காற்று. சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணில் விழும் மண்ணைத் துடைத்தபடி நின்றேன்.

சுற்றிலும் காற்றாலைகள். மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுப் பக்கம் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுக் கொடுக்கிறது. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை தென்மேற்குக் காற்று அந்தச் சந்துக்குள் புகுந்து இந்தப் பக்கம் அடிக்கிறது. தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கும் முப்பந்தலுக்கும் இதே கதைதான்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் எங்களைப் பார்த்துவிட்டு, பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு குடம் தண்ணீர் எடுத்துவரச் சொன்னார். பேரன் கொண்டுவந்தான். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் குடித்தோம். பெரியவர் நிலத்தில் ஒன்றரை ஏக்கர் காற்றாலைக்குப் போயிருக்கிறது. அதனால் வேலை கிடைத்ததா என்று கேட்டேன். "ஒரு வாட்ச்மேனுங்க. அதுவும் பக்கத்தூருப் பையன்" என்றார். இயற்கை அள்ளிக் கொடுக்கிறது, ஆனால் அது மின்கம்பியில் ஏறி ஊரைத் தாண்டிப் போய்விடுகிறது. ஒரு களத்தில் முப்பது பேர், ஒரு காற்றாலைக்கு ஒருவர். இரண்டும் ஒரே வறண்ட பூமி தந்ததுதான்.

திண்டுக்கல்லில் சாப்பிடும்போது மணி மூன்று. சிவகாசி போய்ச் சேர ராத்திரி ஆகிவிட்டது.

ஜூலை 10, புதன். சிவகாசி

தங்கையின் கணவர் அச்சாபீஸில் வேலை பார்க்கிறார். இப்போது மூச்சுவிட நேரமில்லை அவருக்கு. அடுத்த வருட காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவது இந்த ஊர் வழக்கம். ஆடி 18 எங்களுக்குக் காவிரியின் நாள். படித்துறையில் காதோலை கருகமணி விடும் நாள். ஆறே இல்லாத இந்த ஊரில் அதே நாளில் ஆர்டர் புத்தகம் திறக்கிறார்கள். "அன்னைக்குத் தொடங்குனா பெருகும்ல மதினி" என்றார். கேட்கவே சந்தோஷமாக இருந்தது.

இங்கும் வறட்சிதான் முதல். கரிசல் மண், மானாவாரி, மழை பெய்தால் ஒரு போகம். ஆனால் தீக்குச்சி மருந்து காய்வதற்கும் வெடிக்கான காகிதக் குழாய் காய்வதற்கும் அச்சுக் காகிதம் நமுக்காமல் இருப்பதற்கும் இந்த வறண்ட காற்று தோது. பட்டாசுக்கு இன்னொன்றும் வேண்டும், வெட்டவெளி. சின்னச் சின்ன அறைகள், அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது, அறைக்கும் அறைக்கும் நடுவில் காலி இடம். விளையும் நிலமாக இருந்தால் அப்படிச் சும்மா போட மனம் வருமா?

ஆனால் இதே வறட்சி ராமநாதபுரம் பக்கமும் இருக்கிறதே. அங்கே ஏன் தீப்பெட்டி வரவில்லை? இந்தக் கேள்விக்குச் சிவகாசிக்காரர்கள் எல்லோரிடமும் ஒரே பதில்தான். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போனார்கள், தீப்பெட்டி செய்யக் கற்றார்கள், திரும்பி வந்தார்கள், 1923இல் தொழில் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டதால் அச்சு வளர்ந்தது. மருந்து தெரிந்த கை பட்டாசுக்குப் போனது. என் தங்கையின் மாமியார் இதைச் சொந்த அண்ணன் கதை போலச் சொன்னார். நான் நடத்திய ஏழு காரணிகளில் இது இல்லை: வெளியே போய்க் கற்றுக்கொண்டு திரும்பி வரும் ஆள்.

மத்தியானம் விருதுநகர் எண்ணெய் பரோட்டா வாங்கி வந்தார்கள். எண்ணெயில் பொரித்தது, மொறுமொறுவென்று. கறிச்சால்னா ஊற்றி ஊறவைத்துச் சாப்பிட வேண்டும். இரண்டுக்கு மேல் என்னால் முடியவில்லை.

பக்கத்து வீட்டு அம்மா பட்டாசு ஆபீஸுக்குப் போய்வருகிறார். இங்கே தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். காலையில் வேன் வந்து கிராமம் கிராமமாகப் பெண்களை ஏற்றிக்கொள்ளும். கையில் அலுமினியப் பொடியின் சாம்பல் மினுக்கம், தேய்த்தாலும் போகாது. மே மாதம் செங்கமலப்பட்டியில் நடந்த விபத்தில் இவருக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். பேசும்போது குரல் மாறவில்லை, கை மட்டும் முந்தானை நுனியைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தது. "மழை பெய்ஞ்சா காடு, இல்லாட்டி ஆபீஸ். எங்களுக்கு வேற எது இருக்கு?" என்றார். மகள் கல்லூரியில் படிக்கிறாள். "அவ மட்டும் அந்த வேன்ல ஏறக் கூடாது" என்று அதே மூச்சில் சொன்னார். ஓர் ஊருக்கு வேலை இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லும்போது, அந்த வேலையைத் தன் பிள்ளைக்கு விரும்புகிறார்களா என்றும் கேட்க வேண்டும்.

ஜூலை 11, வியாழன். தூத்துக்குடி

தங்கைக்குத் திருச்செந்தூர் போக வேண்டும் என்று நேர்த்தி. சாத்தூரில் பஸ் நின்றதும் ஜன்னலில் வெள்ளரிப் பிஞ்சு, காராச்சேவு. பிஞ்சு ஒரு கட்டு 20 ரூபாய், மிளகாய்ப்பொடி தூவி. கோவில்பட்டியில் கடலை மிட்டாய். எட்டயபுரம் தாண்டியதும் வெயிலில் கண் கூசத் தொடங்கியது.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் முத்தையாபுரம், முள்ளக்காடு பக்கம் உப்பளங்கள். வேதாரண்யம் எங்களுக்குப் பக்கம்தான், உப்பளம் எனக்குப் புதிதில்லை. ஆனால் இங்கே அளத்தின் நீளமும் ரோட்டோரம் கூரை உயரத்துக்கு நிற்கிற உப்பு அம்பாரங்களும் மலைக்க வைத்தன. தை, மாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை வேலை. ஐப்பசி மழை வந்தால் பாத்தி கரைந்துவிடும், மூன்று மாதம் சும்மா. அந்த மாதங்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. போன டிசம்பரில் பெய்தது அந்தக் கணக்கிலெல்லாம் அடங்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். கட்டி வைத்திருந்த உப்பும் போயிற்று, வரப்பும் போயிற்று.

ஓரிடத்தில் இறங்கி அளத்துக்குள் நடந்தேன். வயல் வரப்பில் நடந்து வளர்ந்தவள்தானே என்று செருப்பைக் கழற்றிவிட்டேன். பெரிய தப்பு. நாலாவது அடியில் வழுக்கி, உப்புப் பரலில் பாதம் கீறிவிட்டது. கீறல் சின்னது, எரிச்சல் தலைக்கு ஏறியது. உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு பெண் பலகையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். தான் குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரை என் காலில் ஊற்றிக் கழுவினார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. "எக்கா, நல்ல தண்ணில கழுவுனாத்தான் அடங்கும்" என்றார். குனிந்திருந்த அவருடைய பாதங்கள் அப்போதுதான் கண்ணில் பட்டன. விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக வெந்து, குதிகால் பிளந்து. இருபது வருடமாம். விடியற்காலை நாலு மணிக்கு வந்து வெயில் ஏறுவதற்குள் முடிக்கப் பார்ப்பார்களாம்.

என் மாணவன் தோளில் சுமந்து சாயத்தில் கொட்டிய உப்பு எந்த ஊர் உப்போ. யாரோ ஒரு பெண் இப்படித்தான் வாரியிருப்பார்.

அவருடைய மகன் துறைமுகத்துப் பக்கம் லாரி ஓட்டுகிறான். சிலாநத்தத்தில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலைக்கு பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். "அங்க உள்ள எடுப்பாகளா?" என்று என்னிடம் கேட்டார். டீச்சர் என்றதும் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருக்கிறார். ஐடிஐ முடித்திருந்தால் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள் என்றேன். பத்தாவதோடு நின்றுவிட்டானாம். துறைமுகம் இருக்கிறது, ஆலையும் வருகிறது. பக்கத்திலேயே இருக்கும் பையன் அதன் வாசலைத் தாண்டப் படிப்பு வேண்டும்.

திருச்செந்தூரில் காலை நொண்டிக்கொண்டே தரிசனம். திரும்பும்போது தூத்துக்குடியில் மக்ரூன் கால் கிலோ 250 ரூபாய்க்கு வாங்கினேன். முந்திரியும் முட்டை வெள்ளையும், வாயில் போட்டதும் கரைகிறது.

ஜூலை 12, வெள்ளி

நாள் முழுக்க பஸ். ராமநாதபுரம் தாண்டிக் கடலோர ரோடு. கால் வீங்கியிருந்தது. எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 13, சனி. வீடு

வாய்க்காலில் இன்னும் தண்ணீர் இல்லை. கர்நாடகத்தில் மழை பிடிக்கிறது என்று டிவியில் சொல்கிறார்கள். கஜா புயலில் சாய்ந்துபோய் நான் மறுபடி நட்ட தென்னைகள் ஆறாவது வருடத்தில் முதல் பாளை விட்டிருக்கின்றன. அவற்றைப் பார்த்தபோது லாரியும் களமும் நினைவுக்கு வந்தன. டெல்டாவை 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. இன்றும் அதில் மாற்றமில்லை. பெட்ரோலிய எண்ணெய்க் கிணறு வேண்டாம். ஆனால் நெல்லை அரைக்கவும் காயை எண்ணெயாக்கவும் இங்கேயே இடம் வேண்டும். வெயில் போதாவிட்டால் காயவைக்கச் சூடான காற்றுக்கூடம் இருக்கிறது, மிஷின் இருக்கிறது. மழை பெய்யும் கேரளத்தில் கொப்பரை காயவில்லையா? கூட்டுறவாகச் சேர்ந்தால் அடகு வைக்க நிலம் இல்லாதவருக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்கும். பஞ்சாயத்துத் தலைவரிடம் இதை எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

சாயங்காலம் பக்கத்துத் தெருப் பையன் வந்தான். போன வருடம் பன்னிரண்டாவது முடித்தவன். கையில் போன், பின்னால் அவன் அம்மா.

"டீச்சர், திருப்பூர்ல அந்த அண்ணன் நம்பர் இருக்கா?"

உட்காரச் சொன்னேன். மக்ரூன் கொடுத்தேன். சாயப்பட்டறைக்குப் போகாதே, தையல் லைனில் ஹெல்பராகச் சேர், பிஎஃப், இஎஸ்ஐ பிடிக்கிறார்களா என்று முதல் வாரமே கேள், மிஷினில் உட்காரச் சொன்னால் தயங்காதே, கணக்கு எழுதும் இடத்தில் என்ன நடக்கிறது என்றும் கவனி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். நம்பரைப் போனில் ஏற்றிக்கொண்டான். நாளைக்கே ராத்திரி பஸ்ஸாம்.

"சரி டீச்சர், வர்றேன்" என்றான்.

"போயிட்டு வா" என்றேன். அவன் அம்மா, பத்து கிலோ போதுமா பதினைந்து கட்டட்டுமா என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.